ராடு போகும் வழி

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் போகும் பஸ்ஸில், திருவெறும்பூர் தாண்டி ஏறுகிறவர்களின் சட்டையைப் பார்த்தாலே ஊரின் தொழில் தெரிந்துவிடும். முன்கையிலும் வயிற்றுப் பக்கத்திலும் சின்னச் சின்னப் பொத்தல்கள், ஓரம் கருகியவை. 1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தொழில்நுட்ப உதவியோடு பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை இங்கே தொடங்கியது. அதை நம்பித் துவாக்குடி வரைக்கும் பட்டறைகள் முளைத்தன. அனல்மின் நிலைய ஆர்டர்கள் வற்றியபோது அவற்றில் பல பூட்டிக்கொண்டன. மிச்சமிருப்பவை காற்றாலைக்கும் பாலத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் வேலை பார்த்துப் பிழைத்துக் கிடக்கின்றன. ஆனாலும் திருச்சி வெல்டர் என்றால் வளைகுடா நாடுகளில் இன்றும் ஒரு மதிப்பு உண்டு.

நான் அங்கே போனதற்குக் காரணம் திருச்செங்கோட்டிலிருந்து வந்த ஒரு போன். அத்தை மகன் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். மாஸ்ட்டைத் தாங்கும் பிராக்கெட்டில் பற்றவைத்த இடம் திரும்பத் திரும்ப விரிகிறது. "சாதா ராடு இல்ல மாப்ள, 7018 போட்டோம். வேலைக்கே போகல. நின்ன வண்டி. காலைல பாத்தா மெலிசா ஒரு கோடு ஓடிருக்குது" என்றார். உசத்தியான ராடு, அனுபவமுள்ள வெல்டர், ஓடாத வண்டி. பிறகு எப்படி விரியும்? நாமக்கல் வழியாகத் திருச்செங்கோடு போவதற்கு முன், இதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு போகலாம் என்று துவாக்குடியில் இறங்கினேன்.

சிட்கோ தொழிற்பேட்டையில் நடுத்தரமான ஒரு பட்டறை. சூப்பர்வைசர் வெல்டராக இருந்து மேலே வந்தவர். வேலை நடக்கும் இடத்தைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேரே ஸ்டோருக்குக் கூட்டிப்போனார். ஆளுயரத்தில் ஒரு பேக்கிங் ஓவன், பக்கத்தில் அதைவிடச் சின்னதாக ஒரு ஹோல்டிங் ஓவன். டப்பாவை உடைத்த 7018 ராடுகள் முதலில் பெரிய ஓவனில் 300 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் வேக வேண்டும். பிறகு ஹோல்டிங் ஓவனில் 120 டிகிரிச் சூட்டில் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து வெல்டர் கையில் தூக்கிப்போகும் போர்ட்டபிள் ஓவனுக்கு மாறும். எத்தனை ராடு வெளியே போனது என்று சீட்டு எழுதுகிறார்கள். எரிந்து மீந்த துண்டுகளையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளியே சும்மா கிடந்த ராடு எதுவும் கணக்கில் வராமல் ஜாயிண்ட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் இவ்வளவு கெடுபிடி.

"ஜனங்க எந்த ராடு நல்ல ராடுன்னு கேக்குறாங்க தம்பி. கடையிலேர்ந்து ஜாயிண்ட் வரைக்கும் அது எப்படிப் போச்சுன்னு கேக்க மாட்டேங்குறாங்க" என்றார்.

ஒரு ராடை எடுத்துப் பிடிமுனைக்குப் பக்கத்தில் பூச்சின் மேல் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினார். 7018-இல் முதல் இரண்டு இலக்கம் பலம். பற்றவைத்த உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும். 6013 என்றால் 60,000. மூன்றாவது இலக்கம் 1 என்றால் தரையில், செங்குத்தில், தலைக்கு மேலே என்று எந்த நிலையிலும் ஓட்டலாம். 7024-இல் அந்த இடத்தில் 2 இருக்கிறது. அது படுக்கையாக வைத்து ஓட்டும் வேலைக்கு மட்டும். வேகமாக நிரப்பும், செங்குத்தில் வழிந்து கொட்டிவிடும். கடைசி இலக்கம், மூன்றாவதோடு சேர்ந்து, பூச்சு என்ன வகை, எந்தக் கரண்ட்டில் எரியும் என்பதைச் சொல்கிறது. இது அமெரிக்க முறை. நம்முடைய ஐ.எஸ். 814 தர அளவில் வேறு குறியீடு உண்டு. டப்பாவில் இரண்டும் இருக்கும். ஆனால் பட்டறையில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை.

இங்கேதான் பெரும்பாலோர் கணக்கைத் தவறாகப் போடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. 70 பெரிது, 60 சின்னது, ஆகவே 7018 பலமான ராடு என்று எடுத்துக்கொள்கிறோம். நாம் அன்றாடம் வாங்கும் ஆங்கிளும் சேனலும் தட்டும் பெரும்பாலும் ஐ.எஸ். 2062 தரத்தில் ஈ250 ரகம். அதன் இழுவிசைப் பலம் குறைந்தது 410 மெகாபாஸ்கல். 6013 போடும் உலோகமோ 430-ஐத் தாண்டும். ஆக, இழுத்துப் பார்க்கும் பலம் மட்டும்தான் விஷயம் என்றால் 6013 ஏற்கெனவே இரும்பைவிட மேல். ஈ350 போன்ற உயர் ரகத் தட்டுக்கு 490 வேண்டும்; அங்கேதான் 70 என்ற எண்ணுக்கு அவசியம் வருகிறது.

மற்றபடி 7018-இன் அருமை பலத்தில் இல்லை. அதிர்ச்சியைத் தாங்கும் குணத்தில் இருக்கிறது. மைனஸ் 29 டிகிரிக் குளிரில் சம்மட்டிச் சோதனை வைத்து, உடைவதற்கு முன் 27 ஜூலாவது உறிஞ்ச வேண்டும் என்று அதற்குத் தர நிபந்தனை உண்டு. 6013-க்கு அந்தச் சோதனையே கேட்கப்படுவதில்லை. நாமக்கல்லில் அந்தக் குளிர் ஒருநாளும் வராதுதான். ஆனால் குதித்துக் குதித்து ஓடும் வண்டிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும் இயந்திரத்துக்கும் அந்தக் குணம் வேண்டும்.

இன்னொன்று ஹைட்ரஜன். பூச்சில் இருக்கும் ஈரம் ஆர்க்கின் சூட்டில் பிரிந்து, உருகிய இரும்புக்குள் ஹைட்ரஜனாகக் கரைகிறது. இரும்பு இறுகிய பிறகும் அது உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும். தட்டு கனமாக இருந்தால் ஜாயிண்ட்டின் சூட்டை அது சட்டென்று இழுத்துக்கொள்ளும். சட்டென்று ஆறிய இரும்பு கெட்டித்துக் கடினமாகும். ஆறும்போது சுருங்கும் இழுப்பும் சேரும். ஹைட்ரஜன், கடினம், இழுப்பு மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் விரிசல் விழும். உடனே விழாது. சில மணி நேரம் கழித்தோ, ஒருநாள் கழித்தோ, இரண்டு நாள் கழித்தோ விழும். அதனால்தான் முக்கியமான ஜாயிண்ட்களை 48 மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு சோதிக்கிறார்கள்.

நின்ற வண்டி காலையில் விரிந்த கதை அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

7018-ஐ ஹைட்ரஜன் குறைந்த ராடு என்கிறார்கள். நல்லபடி உலர்ந்த ராடில், போட்ட உலோகம் 100 கிராமுக்கு ஹைட்ரஜன் 4 மில்லிலிட்டருக்குள் நிற்கும் ரகங்கள் கிடைக்கின்றன. டப்பாவில் எண்ணுக்குப் பின்னால் எச்4 என்று போட்டிருக்கும். ஆனால் இதே ராடின் பூச்சு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்கப் பற்றவைப்புச் சங்கத்தின் கட்டுமான விதிநூல், ஓவனிலிருந்து எடுத்த சாதாரண 7018 ராடுக்குக் கொடுக்கும் கெடு 4 மணி நேரம். அதற்கு மேல் ஆனால் திரும்ப வேகவைக்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவைதான். எல்லா ராடையும் இப்படி வேகவைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. குழாய்ப் பாதை போடுகிறவர்கள் அடித்தையலுக்கு வைக்கும் 6010 ராடின் பூச்சு செல்லுலோஸ். அதற்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க் குத்தி இறங்கும். அதை ஓவனில் போட்டால் ராடு வீண்.

பெல் வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொதிகலனுக்கான குரோமியம், மாலிப்டினம் கலந்த இரும்புக் குழாய்களுக்கு ராடு தேர்ந்தெடுப்பது இன்னொரு உலகம். அங்கே இரும்பின் கலவையோடு ராடின் கலவை பொருந்த வேண்டும், முன்னால் சூடு, பின்னால் சூடு என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். அதற்குள் போனால் இந்தக் கட்டுரை திருச்சியை விட்டு நகராது. ஒன்று மட்டும் சொல்லலாம். பூச்சுள்ள ராடைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி. 1904-இல் ஈசாப் நிறுவனத்தை ஆரம்பித்த அவருக்குத் தலைவலியாக இருந்ததும் கப்பல் கொதிகலன்களின் ஒழுகல்தான்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ் பிடித்தேன். நம்பர் 1 டோல்கேட் தாண்டிவிட்டால் இடதுகைப் பக்கம் காவிரி கூடவே வரும். குணசீலம், முசிறி, அப்புறம் தொட்டியம். வாழைத்தோப்பும் கோரைக்காடுமாகப் போகும் இந்தச் சாலையில் ஊருக்கு நாலு வெல்டிங் பட்டறையாவது இருக்கும். தொட்டியத்துக்குப் பக்கத்தில் ஒன்றில் நின்றேன். கேட், ஜன்னல் கம்பி, வாழைத்தார் ஏற்றும் டிராலி, கூண்டுச் சக்கரம் என்று கலந்துகட்டி வேலை. மூலையில் பழைய ஆயில் மிஷின்.

"இங்கே 7018 உண்டா அண்ணே?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டார். கேள்வி நியாயமானது.

அவர் வைத்திருந்தது முழுக்க 6013. மெல்லிய சதுரக் குழாய்க்கு 12 கேஜ், கொஞ்சம் கனத்துக்கு 10 கேஜ். 12 கேஜ் என்றால் 2.5 மில்லிமீட்டர் ராடு, 60 முதல் 90 ஆம்பியர் போதும். 10 கேஜ் 3.15 மில்லிமீட்டர், 100-க்கு மேலே 130 வரை. தொட்டவுடன் பற்றிக்கொள்ளும், அணைந்தால் மறுபடி உடனே பற்றும், ஸ்லாக் தானாக உரியும், தையல் பார்வைக்கு அழகாக விழும். ஆயில் மிஷினின் குறைந்த மின்னழுத்தத்திலும் எரியும். அந்த மிஷினில் 7018-ஐ வைத்தால் ஆர்க் நிற்காமல் ஒட்டிக்கொள்ளும். 2 மில்லிமீட்டர் குழாயில் அடிக்கும் கேட்டுக்கு 7018 கேட்கிறவர் வெல்டரின் நேரத்தைத்தான் வீணாக்குகிறார். உசத்தி ராடு போட்டால் உசத்தி வேலை என்ற நினைப்பு கேட்டுக்குப் பொருந்தாது. அங்கே 6013 சரியான ராடு. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நான் நின்றபோது ஒரு விவசாயி, கேசிங் விண்டுபோன பம்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். வார்ப்பிரும்பு. பட்டறைக்காரர் 6013-ஐத் தொடவே இல்லை. பூட்டிவைத்த டப்பாவிலிருந்து எண்ணி நாலு நிக்கல் ராடு எடுத்தார். விலையைக் கேட்டு விவசாயி முகம் சுளித்தார். வார்ப்பிரும்பில் கார்பன் ஏகத்துக்கு இருப்பதால் சாதா ராடு போட்டால் தையலின் ஓரம் கண்ணாடியாக இறுகி, ஆறும்போதே டிக் என்று சத்தம் கேட்கும். அடுத்த விரிசல் அங்கே பிறந்துவிடும். அவர் விரிசலின் இரு முனையிலும் துளை போட்டு, அது மேலே ஓடாமல் நிறுத்தினார். பிறகு ஒரு அங்குலம் ஓட்டுவதும், சூடு இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி இழுப்பை ஆற்றுவதும், கை வைத்துப் பார்த்துக் காத்திருப்பதுமாகப் போனது. முடித்ததும் பம்பை அப்படியே உலர்ந்த சாம்பலில் புதைத்தார். "அவசரம்னா புதுசு வாங்கிக்கங்க" என்று மட்டும் சொன்னார்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பார்க்கிறவர்களுக்கு பாடியின் பளபளப்பும் எழுத்தும் பூவேலையும்தான் கண்ணில் படும். நான் கீழே குனிந்து பார்த்தேன். பாடி சேஸிஸோடு யூ போல்ட்டில் பிடித்திருந்தது, பற்றவைக்கவில்லை. "சேஸிஸ்ல ராடு வெக்கக் கூடாதுங்க" என்று ஒரு மேஸ்திரி அடித்துச் சொன்னார். பலம் கூட்டிய இரும்பில் செய்த சட்டம் அது. ஆர்க் பட்ட இடம் குணம் மாறி, ஓட்டத்தில் அங்கிருந்து விரிய ஆரம்பிக்கும். வண்டி தயாரிப்பாளர்களின் கையேடுகளும் இதையே எச்சரிக்கின்றன. பட்டை ஸ்பிரிங்கில் எந்த ராடும் ஆகாது. உடைந்த பட்டையை மாற்ற வேண்டியதுதான். இப்போதைய வண்டிகளில் பாடி வேலைக்கே பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ராடை வைக்கிறார்கள். இல்லாவிட்டால் கரண்ட் சுற்றி வந்து எலக்ட்ரானிக் பெட்டியைத் தீர்த்துவிடும். எர்த் கிளாம்ப்பையும் வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்.

திருச்செங்கோடு மலை தெரிந்ததுமே சாலையோரத்தில் ரிக் வண்டிகளும் தெரியத் தொடங்கிவிடும். இந்தியாவில் எங்கே போர் போட்டாலும் வண்டியில் இந்த ஊர் எழுத்து இருக்கும், ஆப்பிரிக்காவுக்கும் போகின்றன. அத்தை மகனின் வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றது. மாஸ்ட் திரும்பும் இடத்துப் பிராக்கெட்டைக் காட்டினார். 25 மில்லிமீட்டர் ஹை டென்சில் தட்டு. சாக்பீஸால் வட்டம் போட்ட இடத்தில், தையலுக்குள் இல்லை, தையலின் ஓரத்தை ஒட்டித் தட்டில் கோடு ஓடியிருந்தது. சட்டென்று ஆறிக் கடினமாகும் இடம் அதுதான்.

"ராடு பெட்டி எங்கே?" என்று கேட்டேன்.

ரிக்கோடு கூடவே போகும் சப்போர்ட் லாரியில், டீசல் கேனுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஒரு தகரப் பெட்டி. சத்தீஸ்கர் வரை ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்வந்த பெட்டி. உள்ளே 7018, நல்ல கம்பெனி ராடு. டப்பா கிழிந்து, ராடுகள் உதிரியாகக் கிடந்தன. சிலவற்றின் பூச்சில் வெள்ளை பூத்திருந்தது. வயதான வெல்டர் ஒருவர் நாலைந்து ராடைக் கையில் சேர்த்துக் குலுக்கினார். உலர்ந்த ராடு கணீரென்று பேசும். இது மந்தமாக மொத்தென்றது. காது சொல்வதை மட்டும் நம்பி ராடு நல்லது என்று முடிவு கட்ட முடியாது. கெட்டது என்று முடிவு கட்ட அது போதும்.

"ஈரம்னா வெயில்ல காய வெச்சுக்குவோம்ங்க. அவசரத்துக்கு தட்டுல ஒட்டிப் பிடிச்சா ராடு செவக்கும், அதுலயே காஞ்சிரும்" என்றார் அவர். சாலையோரத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வெயிலில் 300 டிகிரி வராது. கரண்ட்டில் சிவக்க விட்டால் பூச்சு உதிரும், உள்ளே வெடிக்கும், ஈரம் முழுதும் போகாது. சாதா ஜாயிண்ட்டில் இது தெரியாமலே போய்விடும். கனமான ஹை டென்சில் தட்டில் மறுநாள் காலையில் தெரிகிறது. ஈரம் குடித்த 7018, பெட்டியில் எழுதியிருக்கும் பெயருக்குத்தான் 7018.

மறுவேலையைக் கூட இருந்து பார்த்தேன். விரிந்த தையலை முழுக்கக் கிரைண்டரில் தோண்டி எடுத்தார்கள். மேலே இன்னொரு தையல் ஓட்டி மூடவில்லை. இன்னொரு பட்டறையின் ஓவனில் வெந்த ராடு சூடாகவே வந்தது. கேஸ் டார்ச்சால் தட்டின் இருபக்கமும் 100 டிகிரிக்கு மேல் சூடேற்றி, சூட்டைக் காட்டும் சாக்கால் கோடு போட்டு உறுதி செய்தார்கள். இன்வெர்ட்டர் மிஷினில் ஹோல்டரைப் பிளஸ்ஸில் மாட்டினார்கள். அதே வயதான வெல்டர்தான். ஆர்க்கை ஒட்டிப் பிடித்து, கீழிருந்து மேலாக, அவசரமில்லாமல் ஏறினார். 7018-ஐ நீட்டிப் பிடித்தால் காற்று புகுந்து பிளோ ஹோல் விழும். ஆரம்பிக்கும் இடத்திலும் அப்படித்தான். ஆகவே கொஞ்சம் தள்ளி ஆர்க் அடித்து, பின்னால் வந்து, அந்த இடத்தின் மேலேயே ஓட்டிப் போனார். ஸ்லாக்கைச் சுத்தியலால் தட்டியதும் நெருக்கமான, சீரான அலைகள். ஓரத்தில் பள்ளம் விழுந்த இடம் ஒன்றைக் கண்டு அவரே கிரைண்டரை எடுத்துச் சமன்செய்தார். அதிரும் மாஸ்ட்டில் விரிசல் தொடங்குவது அந்த மாதிரிப் பள்ளத்தில்தான். முடிந்ததும் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாக இப்போது கிடைக்கும் செராமிக் போர்வையைப் போர்த்தி மெதுவாக ஆறவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் சிவப்பு மை தெளிக்கும் டிபி டெஸ்ட் செய்தபோது கோடு எதுவும் தெரியவில்லை.

"இனிமே லாரியில 7018 வேண்டாமா மாப்ள?" என்று கேட்டார் அத்தை மகன். வேண்டும், ஆனால் சின்னச் சின்ன வாக்குவம் பாக்கெட்டாக வேண்டும். பிரித்தால் அந்த ஷிப்ட்டிலேயே முடித்துவிடும் அளவு. மீந்ததைக் கேட்டுக்கும் கொட்டகைக்கும் கொடுத்துவிடலாம். பிராக்கெட் பக்கம் கொண்டுபோகக் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும் போர்ட்டபிள் ஓவன் ஒன்றும் வாங்கச் சொன்னேன். ரிக் வாங்கும் செலவில் அது கணக்கிலேயே வராது.

தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டோ, கிரேன் கொக்கியோ, டிராக்டர் டிரெய்லரின் இழுவைக் கட்டையோ செய்யக் கொடுக்கிறவர்கள் எந்தக் கம்பெனி ராடு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ராடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்டுக்கு இந்தக் கேள்வி வேண்டாம். ஆள் கீழே நிற்கும் எதற்கும் கேட்டே ஆக வேண்டும். ஓவன் இல்லை என்றால், வாக்குவம் பாக்கெட்டை நீங்களே வாங்கிக்கொடுத்து, உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.